பாதியில நிக்கிற குயில்ட்டை முடிக்கவா, விட்டுடவா?

ஒரு குயில்ட், அதாவது சின்னச் சின்னத் துணித் துண்டுகளைச் சேர்த்து உள்ள பஞ்சு வச்சு தைக்கிற போர்வை, மேல் பகுதி மட்டும் பாதி தைச்சது, ரொம்ப நாளா அலமாரியில மடிச்சு இருக்கு. எடுத்தா எரிச்சல் வருது, எடுக்காம விட்டா மனசு உறுத்துது. இந்த வாரம் ஒரு முடிவு எடுத்தே ஆகணும்னு உட்கார்ந்தேன், அப்ப யோசிச்சதெல்லாம் இங்க எழுதுறேன், ஏன்னா தையல் மிஷின் இருக்கிற வீட்டுல முக்கால்வாசி பேர்கிட்ட இப்படி ஒன்னாவது தூங்கிட்டு இருக்கும்.

இது நட்சத்திர டிசைன். நட்சத்திரத்தோட முனைக்கெல்லாம் முக்கோணம் வேணும், முக்கோணத்துக்கு சதுரத்தை மூலைக்கு மூலை வெட்டணும், அப்படி வெட்டின ஓரம் முழுக்க கிராஸ்ல, அதாவது துணியோட இழைக்குச் சாய்வா, வந்துடும். கிராஸ்ல வெட்டின துணி தொட்டாலே நீளும், அயர்ன் பாக்ஸை வச்சு முன்னும் பின்னும் இழுத்தா இன்னும் நீளும் (அதனாலதான் குயில்ட்ல தேய்க்காதீங்க, மேல வச்சு அமுக்கி அப்படியே தூக்குங்கன்னு சொல்லுவாங்க). இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச அந்த நீலத் துணி வேற ரேயான், மத்ததெல்லாம் காட்டன். ரேயான் வழுக்கும், காட்டன் நிக்கும், ரெண்டையும் சேர்த்து தைச்சா ஒன்னு முன்னாடி போயிடும் இன்னொன்னு பின்தங்கிடும், முனை முனையோட சேரவே சேராது.

இன்னொன்னு கால் இன்ச் கணக்கு. குயில்ட்ல ஓரத்துல தையலுக்கு விடுறது கால் இன்ச் தான். அதுல அரை நூல், அதாவது 1/16 இன்ச், கூடப் போச்சுன்னா கண்ணுக்கே தெரியாது. ஆனா ஒவ்வொரு தையல்லயும் ரெண்டு துண்டு சேருதுல்ல, ஆக ஒரு தையலுக்கு 1/8 இன்ச் போயிடும். ஒரு வரிசையில 16 துண்டு இருந்தா 15 தையல், கிட்டத்தட்ட 2 இன்ச் அப்படியே காணாம போயிடும். அடுத்த வரிசையில துண்டு கம்மின்னா அதுல அவ்ளோ குறையாது, அப்புறம் ரெண்டு வரிசையையும் எப்படி சேர்க்கிறது? இழுத்துப் பிடிச்சு சேர்த்தா நடுவுல உப்பிக்கிட்டு நிக்கும், தரையில விரிச்சா படியாது. என்னோடது இப்ப அந்த நிலைமையில தான் இருக்கு.

விடலாமா வேண்டாமான்னு யோசிக்கிறவங்க முதல்ல பார்க்க வேண்டியது, உங்களுக்கு எரிச்சல் எது மேலங்கிறதைத்தான். மிஷின் மேலன்னா தயவு செஞ்சு அதுக்காக ஒரு வேலையைத் தூக்கிப் போடாதீங்க. கீழ்ப்பக்கம் நூல் சிக்கு சிக்கா வந்தா எல்லாரும் கீழ் நூல் சுத்தியிருக்கிற பாபினைத் தான் திட்டுவாங்க, பெரும்பாலும் காரணம் மேல் நூல் தான். துணியை அமுக்கிப் பிடிக்கிற ஃபுட்டை இறக்கி வச்சுட்டு நூல் கோர்த்தா, நூலை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டு ரெண்டும் மூடியிருக்கும், நூல் அதுக்குள்ள போகாம மேலயே நின்னுடும். ஃபுட்டைத் தூக்கிட்டு மறுபடியும் கோர்த்தாலே பாதி பிரச்சினை தீர்ந்துடும். ஊசியும் அப்படித்தான், மெல்லிசு துணிக்கு 70/10 நம்பர், சாதாரண காட்டனுக்கு 80/12, ஜீன்ஸ் மாதிரி தடிமனுக்கு 100/16, பனியன் துணின்னா முனை உருண்டையா இருக்கிற பால்பாயிண்ட் ஊசி, அதைப் போடலன்னா தையல் விட்டு விட்டு விழும். புது ஊசி ஒன்னு மாட்டிப் பார்க்காம எந்த வேலையையும் கைவிடக் கூடாதுங்கிறது என் பிடிவாதம்.

எரிச்சல் துணி மேலன்னா அதுக்கும் ஓரளவு வழி இருக்கு, வழுக்குற துணிக்கு கஞ்சி போட்டு விறைப்பா ஆக்கிட்டு வெட்டலாம், மேல் துணியையும் சேர்த்து நகர்த்துற வாக்கிங் ஃபுட் இருந்தா அதைப் போடலாம். ஆனா ஏற்கனவே வெட்டி நீண்டு போன துண்டு கஞ்சி போட்டா பழைய அளவுக்கு வராது. சட்டை பிளவுஸ்னா கணக்கு இன்னும் கறார், லூஸா இருந்தா பிடிச்சுக்கலாம், டைட்டா இருந்தா உள்ள துணி விட்டிருந்தா தான் பிரிச்சு விட முடியும், தோள்லயோ அக்குள்லயோ வெட்டும்போதே துணி குறைஞ்சிடுச்சுன்னா எவ்ளோ தைச்சாலும் உட்காராது. சாட்டின் மாதிரி துணியா இருந்தா பிரிச்ச இடத்துல ஊசி ஓட்டை அப்படியே தெரியும், அதுல திரும்பத் திரும்பப் பிரிக்கவும் முடியாது.

சரி, மிஷின் சரி, துணியும் பரவாயில்ல, ஆனாலும் கை போக மாட்டேங்குதுன்னா? அப்போ ஆசை போயிடுச்சான்னு பார்க்கணும். நான் எனக்கே கேட்டுக்கிட்ட கேள்வி இதுதான், இதை யாராவது இப்பவே முழுசா முடிச்சு கையில குடுத்தா கட்டில்ல விரிப்பேனா? விரிப்பேன்னா மீதி வேலை எவ்ளோன்னு கணக்கு போடலாம். விரிக்க மாட்டேன்னா முடிக்கிறதுக்கு ஒரு காரணமும் இல்ல.

ஆனா மனசு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது, உடனே இவ்ளோ துணி வெட்டியாச்சே இவ்ளோ ராத்திரி உட்கார்ந்தாச்சேன்னு தான் ஆரம்பிக்கும். 1985ல ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் ப்ளூமர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இதைப் பத்தி ஒரு கட்டுரை போட்டாங்க. நாடக சீசன் டிக்கெட்டை சிலருக்கு முழு விலைக்கும் சிலருக்குத் தள்ளுபடியிலயும் குடுத்தாங்க, யாருக்கு எதுங்கிறது குலுக்கல் மாதிரி தான். சீசனோட முதல் பாதியில முழு விலை குடுத்தவங்க தான் அதிகமா நாடகத்துக்குப் போயிருக்காங்க. நாடகம் எல்லாருக்கும் ஒன்னுதான், குடுத்த காசு தான் அவங்களை இழுத்துட்டுப் போயிருக்கு. வெட்டின துணியும் என்னை அப்படித்தான் இழுக்குது. அது போனது போனதுதான், முடிச்சாலும் திரும்பாது முடிக்கலன்னாலும் திரும்பாது, இனிமே போடப் போற நேரம் மட்டும் தான் இன்னும் என் கையில இருக்கு.

அந்த மீதி வேலையையும் நேர்மையா எண்ணணும். குயில்ட்ல மேல் துணி முடிஞ்சா வேலை முடிஞ்சதுன்னு அர்த்தம் இல்ல, அதுக்கப்புறம் நடுவுல பஞ்சு, அடியில துணி, மூணு அடுக்கையும் தற்காலிகமா கோர்த்துட்டு மொத்தத்துக்கும் குறுக்கும் நெடுக்கும் தையல் ஓட்டணும், கடைசியா சுத்தி ஓரப்பட்டி. மேல் துணி படியலன்னா அந்த உப்பலெல்லாம் தையல் ஓட்டும்போது மடிப்பா விழுந்துடும். மூணு அடுக்கும் சேர்ந்தப்புறம் பிரிக்கிறது ரொம்பக் கொடுமை. அதனால நிறுத்துறதா இருந்தா அதுக்கு முன்னாடி, இந்தக் கட்டத்துலயே நிறுத்திடணும்.

என் பதில் வந்துடுச்சு. கட்டில் முழுக்க விரிக்கிற அளவுக்கு இது எனக்கு வேணாம், விரிக்கவும் மாட்டேன். ஆனா காட்டன்லயே தைச்ச நட்சத்திரங்கள் சிலது அவ்ளோ அழகா வந்திருக்கு, முனை எல்லாம் கூர்மையா, அதைக் கைவிட எனக்கு மனசு இல்ல. அதனால அதை மட்டும் பிரிச்சு எடுத்து ஒரே அளவுக்கு ஓரம் வெட்டி, நடுவுல பட்டை வச்சு சேர்த்து, மடியில போட்டுக்கிற அளவுல சின்னதா ஒன்னு தைக்கப் போறேன். பட்டை வைக்கிறதால முனைக்கு முனை சேர்க்கிற தொல்லையும் இருக்காது. வெட்டாத காட்டன் திரும்ப அலமாரிக்குப் போகுது. வெட்டாத ரேயான் கொஞ்சம் இருக்கு, அது பை தைக்கும்போது உள்பக்கத்துக்கு ஆகும். நீண்டு போன முக்கோணங்களை, தைச்சது தைக்காதது எல்லாத்தையும், எடுத்து வைக்கப் போறதில்ல, வச்சிருந்தா திரும்ப அதே எரிச்சலோட அலமாரியில தான் உட்கார்ந்திருக்கும்.

நாளைக்கு தையல் பிரிக்கிற சீம் ரிப்பரோட உட்காரணும், முதல்ல அந்த நீல வரிசையைத்தான் பிரிக்கணும்.