எலி தின்ற சிறுவாடு

பொங்கலுக்கு வெள்ளையடிக்க வீட்டை ஒதுங்க வைத்தபோது, பரணிலிருந்து பழைய டிரங்குப் பெட்டியை இறக்கியது அப்பாதான். திறந்தால் சேலை மடிப்புக்குள் சுண்டெலிக் கூடு. பஞ்சும் நாருமாக, நடுவே சாம்பல் நிறக் காகிதத் துணுக்குகள். ஒன்றில் காந்தியின் கண்ணாடி.

"இது என்னது?" என்றார் அப்பா. அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

சிறுவாடு. அம்மா யாருக்கும் தெரியாமல் சேர்த்து வைத்த பணம். ஒன்பது ஐந்நூறு ரூபாய்த் தாள்.

மறுநாள் நான் எழுவதற்குள் அம்மா செலோடேப் வாங்கி ஒட்டி முடித்திருந்தாள். ஒரு நோட்டின் வால் இன்னொரு நோட்டின் உடம்பில். ஒன்றில் செங்கோட்டை பாதி தலைகீழாக நின்றது. நம்பர் மாறினால் திருட்டு வேலை என்று நினைப்பார்கள் என்று நான் சொல்ல, டேப்பை உரிக்கவே ஒரு சாயங்காலம் போயிற்று.

தெருமுனை வங்கியில், "அஞ்சு நோட்டுக்குள்ளன்னா இங்கயே பார்த்துடலாம் தம்பி. ஒம்பது இருக்கே, கரன்சி செஸ்ட் இருக்கிற கிளைக்குப் போங்க" என்றார்கள். விதி அப்படித்தான். (கரன்சி செஸ்ட் என்பது ரிசர்வ் வங்கிக்காக நோட்டுகளைச் சேர்த்து வைக்கும் கிடங்கு.) அங்கே நமக்குக் கணக்கு இருக்க வேண்டும் என்பதில்லை.

பெரிய கிளையில் இருந்த பெண் அதிகாரி ஸ்கேலை எடுத்தார். ரிசர்வ் வங்கியின் 2009 விதி, 2018ல் திருத்தியது. ஐந்நூறு ரூபாய் நோட்டு 15 செ.மீ. நீளம், 6.6 செ.மீ. அகலம், மொத்தம் 99 சதுர செ.மீ. அதில் 80 தேறினால் முழுப் பணம். 40 தேறினால் பாதி. அதற்கும் கீழே போனால் ஒன்றும் கிடையாது. அதுவும் பொதுவாக ஒட்டுப்போட்டதையெல்லாம் கூட்டிப் பார்க்க மாட்டார்கள். இருப்பதில் பெரிய ஒற்றைத் துண்டுதான் கணக்கு. அம்மாவின் செலோடேப் காசு தண்டம். (இருபது ரூபாய் வரையிலான நோட்டுக்குப் பாதிப் பணம் என்ற பேச்சே இல்லை. பாதிக்கு மேல் தாள் இருந்தால் முழுசு, இல்லாவிட்டால் பூஜ்யம்.)

நான்கு முழுசு, மூன்று பாதி. இரண்டில் 'ரிஜெக்ட்' முத்திரை விழுந்தது. ஆக 2,750 ரூபாய். பஜாரில் கிழிந்த நோட்டு மாற்றுகிறவர் கமிஷன் பிடிப்பார். இங்கே ஒரு பைசா பிடிக்கவில்லை.

அம்மாவுக்குத்தான் ஆறவில்லை. "இது எழுவத்தஞ்சு இருக்குன்னீங்களே. அஞ்சு குறைஞ்சதுக்கா இருநூத்தம்பது ரூவா போச்சு?"

"ஆமாம்மா" என்று அந்த அதிகாரி சிரித்துவிட்டார்.

பணத்தை எண்ணும்போது அம்மா கவுண்டருக்குள் தலையை நீட்டி, "எல்லாத்தையும் நூறாக் குடுத்துரும்மா" என்றாள். ஐம்பது மட்டும் தனியாக வந்தது. வெளியே வந்து ஏன் என்று கேட்டேன். "எலி கடிச்சாலும் நூறோட போகும்ல."

இப்போது அது எவர்சில்வர் தூக்குவாளிக்குள் இருக்கிறது. எந்தத் தூக்குவாளி என்று இங்கே எழுத முடியாது. அப்பா இதைப் படிப்பார்.