தொட விடாத இடம்தான் நல்ல இடம்

உடவளவைக்கு வேன்ல ஆட்களை ஏத்திக்கொண்டு போனா, திரும்பி வரக்குள்ள ஒரு முறைப்பாடு கட்டாயம் வரும். "என்ன தம்பி, இவ்வளவு தூரம் கொண்டு வந்து ஒரு யானைக்குட்டியைக்கூடத் தொட விடல்லையே?" களுவாஞ்சிக்குடியில விடியச்சாமம் வெளிக்கிட்டு, அம்பாறை, சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய, தணமல்வில எண்டு இடுப்பு ஒடிய வந்த சனத்துக்கு அந்தக் கோவம் வரும்தான். ஆனா தொட விடாததாலதான் அந்த இடத்துக்கு நான் ஹயர் பிடிக்கிறன்.

உடவளவை யானைக்குட்டி இடைத்தங்கல் நிலையம் 1995ல வனஜீவராசிகள் திணைக்களம் தொடங்கினது. தாயை இழந்த குட்டி, தோட்டக் கிணத்துக்குள்ள விழுந்த குட்டி, சுருக்குக் கம்பியில கால் அறுந்த குட்டி எல்லாம் அங்கதான் வரும். மூண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காப் பால். அந்த நேரம் மட்டும்தான் நம்மளைப் பார்க்க விடுவாங்க, அதுவும் தடுப்புக்கு அங்கால தள்ளி நிண்டு. நேரம் பிந்திப் போனா வெறும் பத்தையைப் பார்த்துட்டு வரவேண்டியதுதான்.

கேட் திறந்தா நாலைஞ்சு குட்டி ஓடி வரும். சங்கக்கடைக்கு மண்ணெண்ணெய் வந்த நாள் மாதிரித் தள்ளுமுள்ளு. மேல புனல், கீழ குழாய். தும்பிக்கையைச் சுருட்டித் தலைக்கு மேல தூக்கிக்கொண்டு குழாயைக் கடவாய்ல வாங்கிக் குடிக்கும். புனல்ல பால் கடகடவெண்டு இறங்கிப்போகும். முடிஞ்சாலும் போகாது. குட்டிகளைப் பராமரிக்கிறவர் பின்னால கையை வச்சுத் தள்ளுவார், அது கத்திக்கொண்டே இலைக் குவியல் பக்கம் போகும். தடவுறது, பேர் சொல்லிக் கொஞ்சுறது ஒண்டும் இல்ல. மற்ற நேரம் எல்லாம் காட்டுப் பக்கம் தங்கட பாட்டுல திரியும். அஞ்சு வயசு மட்டுல ஆகின பிறகு கூட்டமாச் சேர்த்துக் காட்டுல விடுவாங்க. இதுவரைக்கும் நூறுக்கு மேல விட்டிருக்கு. அதுல சில பெண் யானைகள் காட்டுல குட்டியும் ஈண்டிருக்கு.

பின்னவலை யானைகள் அநாதை இல்லத்தைக் குறை சொல்ல வரல்ல. 1975ல தொடங்கின அந்த இடம் வேற வகை. அங்க வளர்ந்ததுகள் மனிசரோட பழகினதுகள், 1984ல இருந்து அங்கயே குட்டியும் பிறக்குது. கண்ணிவெடியில கால் போன சாமா எண்ட யானையை ஆர் காட்டுக்கு அனுப்புறது? மகா ஓயா ஆத்துல யானைகள் குளிக்கிறதைப் பார்க்கப் புள்ளைகளுக்கு விருப்பம். கூட்டிக்கொண்டு போறன்தான். ஆனா காட்டுக்குத் திரும்பிப்போற யானையைப் பார்க்க வேணுமெண்டா உடவளவைக்குத்தான் வரவேணும்.

தென்கரையில ஆமைக்குஞ்சு பொரிக்க வைக்கிற இடங்களும் இப்பிடித்தான், எல்லாம் ஒண்டில்ல. பொரிச்ச குஞ்சு வயித்துல மிஞ்சின மஞ்சள் கருவை வச்சுத்தான் முதல் ரெண்டொரு நாள் நிப்பாட்டாம நீந்தி ஆழக்கடலுக்குப் போகும். அதைத் தொட்டியில போட்டு ஆள் ஆளாக் கையில தூக்கிப் படம் எடுக்க விட்டா, அந்தப் பலம் தொட்டியைச் சுத்தியே கரைஞ்சு போகும். "கையில வச்சுப் பாருங்க" எண்டு கூப்பிடுற இடத்துல நான் வேனை நிப்பாட்டுறல்ல.

போன சித்திரை லீவுக்கு வெல்லாவெளிப் பக்கத்துக் குடும்பம் ஒண்டு வந்தது. மாரிப்போக வேளாண்மை வெட்டி முடிஞ்ச கையோட. அதுல ஒரு மாமா, பால் குடிக்கிறதைப் பார்த்துப் பல்லைக் கடிச்சுக்கொண்டு நிண்டார். "நம்மட வரம்பை உழக்கிறதுக்குப் பால் குடுத்து வளர்க்கிறாங்க, தம்பி." படுவான்கரை வயல்ல பரண்ல முழிச்சிருந்து யானைவெடி போட்ட மனிசனுக்கிட்ட வாயில்லாச் சீவன் எண்டு கதைக்க ஏலுமா? நான் வாயே திறக்கல்ல.

வெளிய வந்து குளக்கட்டு வழியா வாறம். அங்க மின்சார வேலிக்கு அங்கால காட்டு யானைகள் வந்து நிக்கும், ரோட்டோரத்துல பழம் வித்துக்கொண்டு இருப்பாங்க. ரம்போ எண்டு ஒரு கொம்பன் அந்த இடத்துல நிண்டே பேர் எடுத்தவன். பின் சீட்டுப் பொடியன்கள் ஒரே சத்தம், "அண்ணே நிப்பாட்டுங்க, வாழைப்பழம் குடுப்பம்!" நான் வாய் திறக்க முந்தி மாமா திரும்பினார்.

"பழத்தை உள்ள வையுங்கடா. பழம் தின்னப் பழகினது மறுகா வேலியில நிக்காது. வண்டிக்குக் கிட்ட வரும், வீட்டுக்கு வரும், நெல்லு மூட்டை இருக்கிற அறைச் சுவரை இடிக்கும். மனிசனுக்குப் பயமில்லாத யானைதான் ஆளைக் கொல்லுறது."

வனஜீவராசிக்காரர் போர்டு எழுதி வச்சுச் சொல்லுறதும் இதைத்தான். மாமாவுக்கு அது அனுபவம். அங்க அந்தக் குட்டிகளை ஏன் ஒருத்தரும் தடவுறல்ல எண்டு நான் அப்பதான் சொன்னன். "அப்பிடியெண்டாச் சரி," எண்டார். பால் குடுக்கிறது சரி எண்டு அவர் இன்னும் ஒத்துக்கொள்ளல்ல.

அம்பாறை வந்து பள்ளக்காட்டுக் குப்பைமேட்டுப் பக்கம் போய்ப் பார்ப்பமா எண்டு ஒரு பொடியன் கேட்டான். பொலித்தீனோட சேர்த்துச் சாப்பாட்டுக் கழிவைத் தின்னுற யானைகளைப் படம் எடுக்க ஆட்கள் வாறதுதான். நான் போகல்ல. ஆருக்காவது அந்த ட்ரிப்தான் வேணுமெண்டா வேற வேன் பாருங்க. உடவளவைக்கெண்டா முதல்லயே சொல்லிப்போட்டன்: தொட ஏலாது, நேரத்துக்கு வெளிக்கிட வேணும், பழம் வாங்க நிப்பாட்ட மாட்டன்.