நாலரை நிமிடமும் நான்கு கட்டங்களும்

மக்களவையில் ஒரு மசோதாவுக்கு நான்கு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று வையுங்கள். 240 நிமிடம். அதை அவையின் மொத்த இடங்களான 543-ஆல் வகுத்துக் கட்சியின் பலத்தால் பெருக்கினால், பத்து உறுப்பினர் உள்ள கட்சிக்கு நாலரை நிமிடம்கூடத் தேறாது. 22 பேர் உள்ள கட்சிக்குப் பத்து நிமிடம் வரும். அதையும் இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்வார்கள். உறுப்பினருக்கு உரைக்குறிப்பு எழுதப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் பன்னிரண்டு பக்கத்தோடுதான் வருகிறார்கள். தமிழில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு எண்பது, தொண்ணூறு சொல்தான் போகும். கையில் இருப்பது நானூறு சொல்லுக்கும் குறைவு. அவைத்தலைவரை விளித்து, வாய்ப்பளித்த தலைமைக்கு நன்றி சொல்லி, தொகுதியின் பெருமையை ஒரு வரி தொட்டால் அறுபது சொல் போய்விடும். மணி அடித்த பிறகு கோரிக்கையைச் சொல்லலாம் என்று வைத்திருந்தால் மைக் நின்றுவிடும். கோரிக்கை முதல் முப்பது நொடிக்குள் வந்துவிட வேண்டும். புள்ளிவிவரம், மேற்கோள், குறள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

கல்வி பற்றிய விவாதத்துக்கும் தேர்தல் பற்றிய விவாதத்துக்கும் ஒரே மாதிரிக் குறிப்பு தயாரிப்பது பலர் செய்யும் தவறு. கல்வியில் பணம் எங்கே நிற்கிறது என்று தேட வேண்டும். தேர்தலில் சட்டத்தின் எந்தச் சொல் எதைத் திறந்துவிடுகிறது என்று தேட வேண்டும்.

42-ஆவது திருத்தம் 1976-இல் கல்வியை, ஒன்றியமும் மாநிலமும் சட்டமியற்றக்கூடிய பொதுப்பட்டியலுக்கு மாற்றியதிலிருந்து, அமைச்சகத்தின் கையில் ஒரு நிரந்தரக் கேடயம் இருக்கிறது. "நாட்டில் ஆசிரியர் காலியிடங்கள் எத்தனை, நிரப்ப அரசு எடுத்த நடவடிக்கை என்ன?" என்று கேட்டால், "கல்வி பொதுப்பட்டியலில் உள்ளது, ஆசிரியர் நியமனம் மாநில அரசுகளின் பொறுப்பு" என்று பதில் வரும். அதே கேள்வியைக் கேந்திரிய வித்யாலயா, நவோதயா என்று ஒன்றிய அரசே நடத்தும் பள்ளிகளுக்குக் கேட்டால் அந்தக் கேடயம் உதவாது. கடந்த மூன்று ஆண்டுகளில், ஆண்டுவாரியாக, மாநிலவாரியாக, அனுமதிக்கப்பட்ட இடம் எத்தனை, நிரப்பியது எத்தனை, காலி எத்தனை, ஒப்பந்தத்தில் இருப்பவர் எத்தனை பேர் என்று நான்கு கட்டமாகப் பிரித்துக் கேட்க வேண்டும்.

நிதியிலும் அப்படித்தான். பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா திட்டத்தில் பெரும்பாலான மாநிலங்களுக்கு ஒன்றிய, மாநிலப் பங்கு 60:40. ஆனால் திட்ட ஒப்புதல் வாரியம் ஏற்ற தொகை, அதில் ஒன்றியத்தின் பங்கு, உண்மையில் விடுவித்தது, செலவானது என்று நான்கு எண்கள் உண்டு. "எவ்வளவு ஒதுக்கப்பட்டது?" என்று மட்டும் கேட்டால் பதிலில் வருவது பார்க்கப் பெரியதாக இருக்கும் எண். விடுவித்த தொகையைப் பெயர் சொல்லிக் கேட்காதவருக்கு யாரும் தாமாக எடுத்துத் தர மாட்டார்கள்.

கேள்வியை 150 சொல்லுக்குள் எழுதி, பதினைந்து முழு நாள் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும். குலுக்கலில் தேறினால்தான் பட்டியலில் வரும். மக்களவையில் ஒரு நாளுக்கு வாய்மொழிப் பதில் கோரும் நட்சத்திரக் கேள்வி 20, எழுத்துப் பதில் கோரும் நட்சத்திரமில்லாதது 230. அந்த இருபதிலும் ஒரு மணி நேரத்துக்குள் வாய்மொழியாகப் பதில் கிடைப்பது நாலைந்துக்குத்தான். மற்றவற்றுக்கு எழுத்தில் வரும். துணைக் கேள்வி கேட்க வாய்ப்பில்லை. இதில் எரிச்சலூட்டுவது பதிலை எழுதும் முறை. கேள்வி (அ), (ஆ), (இ), (ஈ) என்று நான்கு பகுதியாகப் போகும். பதில் "(அ) முதல் (ஈ) வரை" என்று ஒரே பத்தியாகத் திரும்பும். திட்டத்தின் நோக்கம், தொடங்கிய ஆண்டு, பயன்கள் என்று பத்தி நீளும். கேட்ட எண் மட்டும் அதில் இருக்காது. அந்த ஒரு எண்ணைத் தனிக் கேள்வியாக்கி, இன்னொரு உறுப்பினர் பெயரில் கொடுப்பதுதான் தெரிந்த மருந்து. தனியாக நிற்கும் கேள்வியைப் பத்திக்குள் ஒளிப்பது கடினம்.

பட்ஜெட் கூட்டத்தொடரில் கல்வி மானியக் கோரிக்கை, அதாவது அமைச்சகச் செலவுக்கு அவையின் ஒப்புதல் கேட்பது, விவாதத்துக்கே வராமல் போகலாம். சில அமைச்சகங்களை மட்டும் விவாதித்துவிட்டு, கடைசி நாள் மாலை மீதியெல்லாம் கில்லட்டின் என்ற முறையில் விவாதமின்றி ஒரே மூச்சாக நிறைவேறிவிடும். ஒதுக்கீட்டில் 100 ரூபாய் குறைக்கச் சொல்லிக் குறையைச் சுட்டும் அடையாள வெட்டுத் தீர்மானம் தயாராக வைத்திருந்தவரின் தாள் தாளாகவே இருக்கும். ஆகவே அமைச்சகத்தின் ஒதுக்கீட்டை ஆராயும் நாடாளுமன்ற நிலைக்குழுவின் அறிக்கையை நம்புவது மேல். 31 பேர் கொண்ட குழு; கேமரா கிடையாது; கட்சிக் கூச்சல் குறைவு. திருத்திய மதிப்பீடு ஏன் குறைந்தது என்ற கேள்விக்குச் செயலாளர் நேரில் உட்கார்ந்து பதில் சொல்லியாக வேண்டும். உறுப்பினரின் பெயர் செய்தியில் வராது என்பதால் இந்த வேலையைப் பலர் மதிப்பதில்லை. எங்கள் கணக்கில் கல்விக்காக ஒருவர் செய்யும் வேலையில் பாதி இங்கேதான் நடக்கிறது.

எண்ணோடு வருகிறவரின் பேச்சு தோற்றாலும் நிற்கும். கோகலே 1911 மார்ச்சில் ஏகாதிபத்திய சட்டமன்றத்தில் தொடக்கக் கல்வி மசோதாவைக் கொண்டுவந்தபோது, ஆறு முதல் பத்து வயது வரை, உள்ளாட்சிக்கு மூன்றில் ஒரு பங்கு செலவு என்று வரையறுத்துத்தான் வைத்தார். அடுத்த ஆண்டு 38-க்கு 13 என்று தோற்றது. கல்வியை அடிப்படை உரிமையாக்கிய 21-ஏ பிரிவு அரசியலமைப்பில் 2002-இல்தான் சேர்ந்தது. கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1.

தேர்தலுக்கு வருவோம். தேர்தல் சட்டங்கள் திருத்த மசோதா 2021 டிசம்பர் 20 அன்று மக்களவையில் அறிமுகமாகி அன்றே நிறைவேறியது, மறுநாள் மாநிலங்களவையில். வாக்காளர் பட்டியலோடு ஆதாரை இணைக்கும் மசோதா அது. திருத்தத்துக்கு முந்தைய நாளே நோட்டீஸ் தர வேண்டும் என்பது விதி. மசோதாவே அன்று காலைதான் மேசைக்கு வருகிறது என்றால் எப்போது தருவது? அப்படிப்பட்ட நாளில் முழுவதையும் படிக்க நேரமில்லை. நேராக 'விதிகளில் குறிப்பிடப்படும்' என்ற சொற்றொடரைத் தேட வேண்டும். ஆதார் எண் தர இயலாதவரின் பெயரை, அப்படிக் குறிப்பிடப்படும் 'போதிய காரணம்' இருந்தால் நீக்கக் கூடாது என்றது மசோதா. எது போதிய காரணம் என்பதை அவை முடிவு செய்யவில்லை. பிறகு எழுதப்படும் விதியிடம் விட்டது.

கட்டாயமில்லை என்று அமைச்சர் கிரண் ரிஜிஜு அவையில் சொன்னார். 2022-இல் வந்த 6பி படிவத்தில் இரண்டே கட்டம்: ஆதார் எண்ணை எழுது, அல்லது ஆதார் இல்லை என்று சொல். இருக்கிறது, தர விருப்பமில்லை என்பவருக்குக் கட்டமே இல்லை. விவகாரம் உச்ச நீதிமன்றம் போய், 2023 செப்டம்பரில் படிவத்தில் உரிய தெளிவு சேர்ப்பதாகத் தேர்தல் ஆணையம் சொல்ல வேண்டியதாயிற்று. ஜனநாயகத்தின் மாண்பைப் பற்றி நாலு நிமிடம் பேசுவதைவிட, அந்தச் சொற்றொடரை நீக்கச் சொல்லும் ஒரு வரித் திருத்தம் கனமானது. குரல் வாக்கெடுப்பில் தோற்றாலும் ஆட்சேபம் எந்த இடத்தில் என்பது அவைக் குறிப்பில் நிற்கும். ஒன்று: அந்தப் பிரிவு வரும்போது உறுப்பினர் இருக்கையில் இருக்க வேண்டும். காபிக்குப் போயிருந்தால் திருத்தம் முன்மொழியப்படாததாகிவிடும்.

மசோதாவின் அறிமுகத்தையே எதிர்ப்பதற்கு மக்களவை விதிகளில் 72-ஆம் விதி உண்டு; அன்று காலை பத்து மணிக்குள் நோட்டீஸ். ஒரே நேரத்தில் தேர்தல் நடத்தும் மசோதா 2024 டிசம்பர் 17-இல் வந்தபோது டிவிஷன், அதாவது எண்ணிப் பதியும் வாக்கெடுப்பு, கேட்டார்கள்: ஆதரவு 269, எதிர்ப்பு 198. அறிமுகத்துக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். ஆனால் அரசியலமைப்புத் திருத்தம் என்பதால் நிறைவேற்ற மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்; வாக்களித்த 467 பேரில் அது என்றால் 312 வேண்டும். குரல் வாக்கோடு விட்டிருந்தால் இந்தப் பற்றாக்குறை பதிவாகியே இருக்காது.

தேர்தல் பற்றிய உரையில் கத்தி தொங்குவது 352-ஆம் விதியில். நீதிமன்றத்தில் நிலுவையில் இருப்பதைத் தொடக் கூடாது. உயர் பதவியில் இருப்பவரின் நடத்தையைத் தனித் தீர்மானம் இல்லாமல் பேசக் கூடாது. ஆணையர் என்று சொன்னால் குறுக்கீடு எழும். ஆணையம் வெளியிட்ட இந்தத் தேதிச் சுற்றறிக்கை என்று சொன்னால் பெரும்பாலும் தப்பிக்கும்.

தமிழில் பேசுகிறவர்களுக்கு இன்னொரு வேலை. உரையின் படியை மொழிபெயர்ப்பாளர் அறைக்கு முன்கூட்டியே அனுப்ப வேண்டும்; எண்களை எழுத்தில் அல்ல, இலக்கத்தில். வேகமாகப் பேசினால் தொண்ணூறும் தொள்ளாயிரமும் காதில் குழம்பும். ஒன்றேமுக்கால் கோடியில் முக்கால் உதிர்ந்துவிடும். பிறகு எழுத்துப் படி திருத்தத்துக்கு வரும்போது பிழையை நீக்கலாம். சொல்ல மறந்ததைச் சேர்க்க முடியாது. அதே படியில் அமைச்சரின் பதிலையும் பார்க்க வேண்டும். "தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்" என்றிருந்தால் அது வாக்குறுதி. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். அந்தத் தேதியை அன்றே நாட்காட்டியில் குறித்துவைத்து, தவறினால் அரசு வாக்குறுதிகள் குழுவுக்கு எழுத வேண்டும்.