இரண்டாம் வயலின், நான்காவது வரிசை

இங்கிலாந்தின் லெஸ்டரில் எங்கள் தெருமுனையில் ஒரு சாரிட்டி கடை, நன்கொடையாக வந்த பழைய சாமான்களை விற்பது. பழைய இசைத்தட்டுகளை வாழைப்பழ அட்டைப்பெட்டியில் போட்டுத் தரையில் வைத்திருப்பார்கள். முழங்கால் வலியைப் பார்க்காமல் குந்தி உட்கார்ந்துவிட்டால் சனிக்கிழமை காலை போவதே தெரியாது. பெரும்பாலும் கிறிஸ்துமஸ் பாட்டுகளும் ஜிம் ரீவ்ஸும்தான் கைக்கு வரும். போன மாதம் பெட்டியின் அடியில் யூனிகார்ன் கம்பெனி எல்பி ஒன்று கிடைத்தது. ஆங்கிலேய இசையமைப்பாளர் ஹேவர்கல் பிரையனின் 10ஆம், 21ஆம் சிம்பொனிகள் (முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்காக எழுதும் இசைப் படைப்புகள்). வாசித்திருப்பது லெஸ்டர்ஷயர் பள்ளிப் பிள்ளைகளின் ஆர்க்கெஸ்ட்ரா. விலை ஒரு பவுண்டு.

வீட்டுக்கு வந்து தட்டை உருவியபோது உள்ளுறையின் மூலையில் நீலப் பேனாக் கிறுக்கல். "இரண்டாம் வயலின், நான்காவது வரிசை, நான்!" என்று ஆங்கிலத்தில். பெயர் இல்லை. பதினைந்து, பதினாறு வயதுக் கையெழுத்து. இன்று இருந்தால் எழுபதை நெருங்கியிருப்பார்.

பிரையனைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 1876இல் ஸ்டாஃபர்ட்ஷயரில் டிரெஸ்டன் என்ற ஊரில் பிறந்தவர் (ஜெர்மனி டிரெஸ்டன் இல்லை, பீங்கான் கோப்பைக்குப் பேர்போன ஸ்டோக் பக்கம்). பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. எழுதியவை 32 சிம்பொனிகள். அதில் முதல் சிம்பொனியான 'கோதிக்' ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஓடும். 1927இல் எழுதி முடித்தார், மேடையேறியது 1961இல், அதுவும் பெரும்பாலும் அமெச்சூர்களை வைத்து. அவருடைய சிம்பொனி எதையும் யாரும் வாசித்து அவர் கேட்டதில்லை, 1954 வரை. அந்த வருடம் பிபிசியில் ஏட்ரியன் போல்ட் ஆர்க்கெஸ்ட்ராவை வைத்து 8ஆவதை நடத்தியபோது மனிதருக்கு வயது 78. நான் மலைத்துப் போவது அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்துத்தான். எண்பது வயது தாண்டி 21 சிம்பொனிகள்! கடைசி ஒன்றை எழுதும்போது 92.

இவ்வளவு எழுதியும் இசைத்தட்டு என்று ஒன்று கடைக்கு வரவில்லை. வந்தது இதோ இந்த எல்பிதான், பிரையனின் முதல் வணிகப் பதிவு. 1972 கோடையில் இங்கே டி மான்ட்ஃபர்ட் ஹாலில் பதிவு செய்தார்கள். வாரத்தில் ஐந்து நாள் அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் நான் வேலைக்குப் போகிறேன், இத்தனை வருடமாக இது தெரியாமலே. 10ஆவதை ஜேம்ஸ் லாக்ரன் நடத்தினார், 21ஆவதை அந்த ஆர்க்கெஸ்ட்ராவை உருவாக்கிய எரிக் பிங்கெட். தட்டு விற்பனைக்கு வந்தது 1973இல். அதற்குச் சில மாதம் முன்னால், நவம்பரில், பிரையன் 96 வயதில் போய்விட்டார்.

சரி, பிள்ளைகள் வாசித்தது எப்படி இருக்கிறது? உண்மையைச் சொன்னால், 10ஆவதில் சில இடங்களில் வயலின்கள் ஒன்றையொன்று தேடிக்கொண்டு ஓடுகின்றன. மேல் ஸ்தாயியில் சுருதி லேசாக விலகும். ஆனால் நடுவில் ஒரு புயல் வருகிறது. காற்றுச் சத்தம் எழுப்ப ஒரு கருவி, இடிக்கு ஒரு கருவி என்று பிரையன் எழுதி வைத்திருக்கிறார். தேர்ந்த ஆர்க்கெஸ்ட்ராவில் அது நன்றாகச் செய்த புயலாக இருக்கும். இங்கே பிள்ளைகள் நிஜமாகவே மழையில் மாட்டிக்கொண்டதுபோல வாசிக்கிறார்கள். நான்காவது வரிசைக்காரர் எங்கே இருக்கிறார் என்று ஸ்பீக்கரின் இடது பக்கம் காதை வைத்துக்கூடப் பார்த்தேன். மகள் சிரித்தாள்.

பிரிட்டிஷ் சிம்பொனிகள் கேட்பாரற்றுக் கிடந்ததற்கு வழக்கமாக ஒரே ஆளைக் கைகாட்டுவார்கள். 1959இல் பிபிசி இசைப் பிரிவுக்குத் தலைவராக வந்த வில்லியம் கிளாக் நவீன இசைக்கு இடம் கொடுத்து, பழைய பாணியில் எழுதியவர்களை ஓரங்கட்டினார் என்பது குற்றச்சாட்டு. கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் பிரையனை யாரும் சீண்டாமல் இருந்தது கிளாக் வருவதற்கு முன்னால்தானே? அவரைத் தூக்கி நிறுத்தியதும் அதே பிபிசியில் தயாரிப்பாளராக இருந்த ராபர்ட் சிம்ப்சன்தான். அவரே 11 சிம்பொனிகள் எழுதியவர். ஆகவே பழியை ஒருவர் தலையில் போட எனக்கு மனசு வரவில்லை.

இன்னொரு பிரிட்டிஷ் இசையமைப்பாளர் ஜார்ஜ் லாயிட் கதை வேறு மாதிரி. போரில் கடற்படை பேண்டு வாசிப்பவராக டிரினிடாட் என்ற கப்பலில் இருந்தார். 1942 மார்ச்சில் ஆர்க்டிக் கடலில் அந்தக் கப்பல் விட்ட டார்ப்பிடோவே வளைந்து திரும்பி அதையே தாக்கியது. கீழ்த்தளத்தில் அவருடன் இருந்த பலர் எண்ணெயில் மூழ்கிச் செத்தார்கள். உடம்பும் மனமும் நொறுங்கிப் போன மனிதர், பிறகு டார்செட்டில் கார்னேஷன் பூவும் காளானும் வளர்த்துப் பிழைத்தார். விடிவதற்கு முன் எழுந்து இசை எழுதுவார், அப்புறம் தோட்டம். 1961இல் எழுதிய 8ஆவது சிம்பொனி வானொலியில் வந்தது 1977இல். அதைத் தட்டாகப் போட்டது லைரிட்டா என்ற இசைத்தட்டுக் கம்பெனி.

லைரிட்டாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. ரிச்சர்ட் இட்டர் என்ற ஒரு ரசிகர் 1959இல் ஆரம்பித்த கம்பெனி. முதல் தட்டுகளுக்கான பியானோ இசையைப் பர்னமில் தன் வீட்டிலேயே பதிவு செய்தார். பாக்ஸ், மோரன், ஆல்வின் என்று மற்றவர்கள் தொடத் தயங்கிய இசையமைப்பாளர்களின் சிம்பொனிகளைப் பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்களை வைத்துப் பதிவு செய்தார். சிடி காலம் வந்தபோது பாதித் தட்டுகள் வருடக்கணக்கில் மறுபதிப்பு வராமல் தூங்கின. 2006க்குப் பிறகுதான் வரிசையாக வெளிவந்தன. இன்னொரு காரியமும் செய்திருந்தார் மனிதர். 1952இலிருந்தே பிபிசி ஒலிபரப்புகளை வீட்டில் உட்கார்ந்து நல்ல கருவிகளில் பதிவு செய்து வைத்திருந்தார். பிபிசி பல நாடாக்களை அழித்துவிட்டது. சில சிம்பொனிகளின் முதல் நிகழ்ச்சி இன்று காதில் விழுவது இட்டரின் அலமாரி தயவில்தான்.

இப்படி வானொலியிலிருந்து எடுத்ததைப் பொய்ப் பெயர் ஒட்டி விற்றவர்களும் உண்டு. எழுபது, எண்பதுகளில் அமெரிக்காவில் ஒரு கம்பெனி, பிபிசி நிகழ்ச்சிகளை இல்லாத ஆர்க்கெஸ்ட்ரா, பிறக்காத இசை நடத்துநர் பெயரில் தட்டாகப் போட்டது. திருட்டுதான். ஆனாலும் சில படைப்புகள் பல வருடம் அந்தத் திருட்டுத் தட்டில் மட்டுமே கிடைத்தன. திட்டவும் முடியவில்லை, வாழ்த்தவும் முடியவில்லை.

இன்று பிரையனின் சிம்பொனிகள் அநேகமாக எல்லாமே ஏதோ ஒரு வடிவில் கிடைக்கின்றன. நாக்ஸோஸ், டட்டன் என்ற இசைத்தட்டுக் கம்பெனிகள் பெரும்பகுதியைச் செய்திருக்கின்றன. ஆனால் கிடைப்பதும் கையில் சிக்குவதும் ஒன்றல்ல. மாதச் சந்தா கட்டும் செயலியில் "பிரையன் சிம்பொனி 21" என்று தேடினால் ராக் பாடகர் பிரையன் ஆடம்ஸ் வருகிறார். உறையில் இருக்கும் கட்டுரை அங்கே கிடையாது, ஒலிப்பதிவு எங்கே நடந்தது என்ற தகவல்கூட இல்லை. நான்காவது வரிசைக்காரரின் கிறுக்கலை எந்தச் செயலி காட்டும்?

அதே பிள்ளைகளின் ஆர்க்கெஸ்ட்ரா 1975இல் சிபிஎஸ் கம்பெனிக்குப் பிரையனின் இன்னொரு தட்டு போட்டது. பத்தே நிமிடத்தில் முடிகிற 22ஆவது சிம்பொனி அதில் இருக்கிறது. கடையில் உட்காரும் பாட்டியிடம் உறை எந்த நிறம் என்றுகூடத் தெரியாமல் சொல்லி வைத்திருக்கிறேன். "செவ்வாய்க்கிழமை வா, கண்ணு, அன்றைக்குத்தான் புதுப் பெட்டிகள் பிரிப்போம்" என்றார்.