பிஸ்கட் ஜாயினர்: ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊர்ப் பட்டறைக் குறிப்பு

ஜூலை 19

பிஸ்கட் ஜாயினர் என்பது பலகையில் காடி, அதாவது ஒடுங்கிய பள்ளம் வெட்டும் கருவி; அந்தக் காடியில் பிஸ்கட் எனும் தட்டையான மரத்துண்டைப் பசையோடு செருகி இரண்டு பலகையை இணைப்போம். இதை வாங்கப் போகிறவர்கள் முதலில் வாட்டைத்தான் கேட்கிறார்கள். மகிட்டா பிஜே7000 701 வாட், நிமிடத்துக்கு 11,000 சுற்று. டிவால்ட் டிடபிள்யூ682 600 வாட், 10,000 சுற்று. 4 மி.மீ. காடி போட இரண்டுமே தாராளம். கடையில் பார்க்க வேண்டியது ஃபென்ஸ், அதாவது பலகை முகத்தில் பதிந்து காடி விழும் இடத்தை நிர்ணயிக்கும் தகடு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடு வெளியே வரும்வரை உடலை முன்னே தள்ளிப் பிடித்துக்கொண்டு, பிளேடின் இடது பக்கமும் வலது பக்கமும் ஃபென்ஸ் வரை வெர்னியரால் அளக்க வேண்டும். இரண்டு அளவும் ஒன்றாக வராவிட்டால் வாங்க வேண்டாம். அரை மில்லி கோணலுக்கே பலகை ஒரு முனையில் மேலேறி நிற்கும். அதைத் தேய்த்துச் சமன்செய்யப் போனால் ப்ளைவுட்டின் வினியர் (மெல்லிய மேல்தாள்) போய்விடும்.

உடல் முன்பின் ஓடும்போது பக்கவாட்டு ஆட்டமும் கூடாது. பிளேடு 100 மி.மீ. விட்டம், 22 மி.மீ. துளை, மாற்று பிளேடு மதுரையிலாவது கிடைக்குமா என்று விசாரித்துவிட்டு வாங்கலாம்.

ஜூலை 27

பிஸ்கட் மூன்று அளவு. 0 எண் 47×15 மி.மீ., 10 எண் 53×19, 20 எண் 56×23. கனம் எல்லாவற்றுக்கும் 4 மி.மீ. பீச் மரத்தை அழுத்திச் செய்தது. ரேகை சாய்வாக ஓடுவதால் நீளவாக்கில் பிளக்காது. 20 எண்ணுக்குக் காடி ஆழம் 12 மி.மீ.க்குச் சற்று மேல், 0 எண்ணுக்கு சுமார் 8.

ஆழம் சரியா என்று பார்க்க: பசையில்லாமல் பிஸ்கட்டைச் செருகி, பலகை ஓரத்தை ஒட்டிப் பென்சில் கோடு. எடுத்துத் திருப்பி, மறுபாதியைச் செருகி இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் இடையே 1 மி.மீ. இருந்து, ஒவ்வொரு முறையும் பாதிக்குமேல் உள்ளே போயிருந்தால் ஆழம் போதும்.

ஆகஸ்ட் 9

18 மி.மீ. ப்ளை அலமாரி. தட்டு பக்கப்பலகையில் முட்டும் இடத்தில் 20 எண் போட்டால் பக்கப்பலகையில் 6 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக மிச்சம் இருக்கும், தாங்கும். 12 மி.மீ. ப்ளையில் அதே எண்ணைப் போட்டால் பிளேடு மறுபக்கம் எட்டிப் பார்க்கும். அங்கே 0 எண்தான்.

இரு முனையிலும் 60 மி.மீ. விட்டு, நடுவில் 150 முதல் 200 மி.மீ.க்கு ஒன்று. இரண்டு பலகையையும் சேர்த்து வைத்து, மூட்டின் குறுக்கே ஒரே கோடாக இழுக்க வேண்டும். பலகையைக் கிளாம்பில் இறுக்கி, மோட்டார் முழு வேகம் எடுத்தபின் மெதுவாகத் தள்ளி, ஓடும்போதே பின்னே இழுத்து, பிறகு சுவிட்சை அணைக்கவும். வேகம் எடுக்கும் முன் பிளேடு மரத்தைத் தொட்டால் கருவி பக்கவாட்டில் துள்ளும், காடி அகன்றுபோகும்.

பசை காடியின் இரு சுவரிலும் படவேண்டும். பிஸ்கட்டில் மட்டும் தடவினால் செருகும்போது வழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். ஃபெவிகால் போன்ற தண்ணீர்ப் பசையில்தான் பிஸ்கட் ஊதிப் பிடிக்கும். தண்ணீரில்லாத எபாக்ஸிப் பசையில் ஊதாது. காடி பிஸ்கட்டைவிட நீளம் என்பதால் ஊதும்முன் நீளவாக்கில் ஓரிரு மில்லி நகர்த்திக்கொள்ளலாம். மேலும் கீழும் மட்டும் நகராது. அதனால் ஃபென்ஸை எப்போதும் வெளியே தெரியும் முகத்தில் வைத்தே காடி போடுங்கள்.

ஆகஸ்ட் 30

பூவரசு மேசைப்பலகை. ஓரத்தோடு ஓரம் ஒட்டும் மூட்டில் பலம் தருவது பசைதான். பிஸ்கட் பலகைகளை மட்டமாகப் பிடித்து வைக்கும். கால்சட்டத்தோடு மேல்பலகையைப் பிஸ்கட் போட்டு ஒட்டவே கூடாது. மழைக்காலத்தில் பலகை அகலவாக்கில் விரியும், சட்டம் விடாது, பலகை வெடிக்கும். சட்டத்தில் காடி மட்டும் போட்டு, இரும்பு கிளிப்பைச் செருகி மேல்பலகையில் திருகினால் நகர இடமிருக்கும்.

நாற்காலிக் கால், வள்ளம், வத்தை எதற்கும் பிஸ்கட் ஆகாது. நாற்காலிக்குக் கழுந்தும் (கட்டையின் முனையில் செதுக்கிய நாக்கு) அது செருகும் துளையும் வேண்டும். வள்ளம், வத்தை போன்ற படகிலோ பிஸ்கட்டின் பீச் மரம் நனைந்து உளுத்துவிடும்.

அக்டோபர் 21

மழை தொடங்கிவிட்டது. திறந்து கிடந்த பொட்டலத்திலுள்ள பிஸ்கட் 4.3 மி.மீ. கனம் காட்டுகிறது, விரலால் தள்ளினால் காடிக்குள் போகவில்லை. சுத்தியலால் தட்டி இறக்கினால் மெல்லிய ப்ளையின் முகம் பிதுங்கும். வெயில் வரும்போது தகரத்தில் பரப்பிக் காயவைத்து, சூடு ஆறியதும் மூடி இறுகிய டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் மணிகளோடு போடவும். நீல மணி இளஞ்சிவப்பானால் மணியையும் காயவைக்க வேண்டும்.

நவம்பர் 16

மேசைப்பலகையில் வார்னிஷ் பூசியபின் பிஸ்கட் வடிவிலேயே பள்ளம் தெரிகிறது என்று பலர் கேட்கிறார்கள். பசையின் தண்ணீர் பிஸ்கட்டைச் சுற்றியுள்ள மரத்தில் ஏறி, அந்த இடம் லேசாக மேடாகும். மேடு இருக்கும்போதே தேய்த்துச் சமன்செய்தால், பிற்பாடு ஈரம் வற்றியதும் அங்கே மட்டும் குழியும். சாய்வாக வெளிச்சம் விழும்போது நீள்வட்டமாகப் பளிச்சென்று தெரியும். காடி மேல்முகத்துக்கு அருகில் இருந்தால் இன்னும் மோசம்; பலகையின் நடுக்கனத்தில் போட வேண்டும். கிளாம்ப் எடுத்த மறுநாளே சாண்டர் பிடிக்காதீர்கள். ஆடியில் நான்கைந்து நாள் போதும். வாடைக் காற்றில் பத்து நாளாவது விடவேண்டும்.

டிசம்பர் 7

உப்புக் காற்றில் முதலில் துருப்பிடிப்பது ஃபென்ஸ் பூட்டும் திருகும், உடல் ஓடும் தண்டவாளமும். தண்டவாளத்தில் எண்ணெய் விட்டால் மரத்தூள் சேர்ந்து அரக்காகும். மெழுகு தேய்த்துத் துணியால் துடைத்தால் போதும். திருகுக்கு மட்டும் ஒரு சொட்டு எண்ணெய். பிளேடைச் சாணை பிடித்தால் விட்டம் குறையும், காடி ஆழமும் குறையும். மூட்டு மூடாமல் நின்றால் பிஸ்கட்டைச் சீவ வேண்டாம். ஆழத் திருகைக் கொஞ்சம் தளர்த்தி, பென்சில் கோட்டுச் சோதனையை மறுபடி செய்யவும்.