மார்கழி சீசனும் மூணு படிக்கட்டும்

சென்னை மார்கழி கச்சேரி சீசன் லிஸ்ட் வந்ததும் எல்லாரும் யாரு எங்க பாடறாங்க, எந்த கேன்டீன் நல்லாருக்கும்னு பாப்பாங்க. எங்க வீட்ல முதல் கேள்வி அந்த ஹால்ல எத்தனை படி, டாய்லெட் எந்த மாடி, இதுதான். எங்க பெரியம்மா பொண்ணு, எனக்கு அக்கா, சின்ன வயசுல போலியோ வந்து வீல்சேர்ல இருக்காங்க. பாடற ராகம் பைரவியா மாஞ்சியான்னு ஆலாபனை தொடங்கின கொஞ்ச நேரத்துலயே சொல்லிடுவாங்க, அவ்ளோ கேள்வி ஞானம். ஆனா டிசம்பர்ல அவங்க கேக்கற கச்சேரி பெரும்பாலும் யூட்யூப்லதான்.

கச்சேரி நடத்தற சபாக்காரங்க மனசு கெட்டவங்க இல்ல, அத முதல்ல சொல்லிடறேன். போன் பண்ணிக் கேட்டா "அதெல்லாம் ஒண்ணும் பிரச்சனை இல்ல சார், நாலு பசங்கள வச்சு தூக்கி உள்ள உக்கார வச்சிடறோம்"னு அன்பாத்தான் சொல்வாங்க. அக்காவுக்கு அதுதான் ஆகாது. "என்னைத் தூக்கிட்டுப் போற எடத்துக்கு நான் வர்றதில்ல"ன்னு சொல்லிட்டாங்க, நியாயம்தானே, பட்டுப்புடவை கட்டிக்கிட்டு கச்சேரிக்கு வர்ற ஒருத்தர முன்னபின்ன தெரியாத நாலு பேர் கையக் கால புடிச்சுத் தூக்கறது எப்படி உதவி ஆகும், அதுலயும் பேட்டரி வீல்சேர்னா அதோட எடைக்கு யாராலயும் பத்திரமா தூக்கவே முடியாது.

சாய்தளம் போட்டிருக்கோம்னு சில எடத்துல சொல்வாங்க, போய்ப் பாத்தா ரெண்டு பலகைய செங்குத்தா சாத்தி வச்சிருப்பாங்க. கணக்கு ரொம்ப சிம்பிள், ஒரு அடி உயரத்துக்கு பன்னெண்டு அடி நீளம் வேணும். ஆறு அங்குல படி மூணு இருந்தா ஒன்றரை அடி உயரம், அப்ப சாய்தளம் பதினெட்டு அடி இருக்கணும், ரெண்டு பக்கமும் கைப்பிடியோட. பார்க்கிங்ல ஒண்ணு ரெண்டு கார் நிக்கற எடத்த எடுத்துக்கிட்டா முடிஞ்சிடும். இதுக்கு இஞ்சினியரிங் பெரிய தடையே இல்ல.

சட்டமும் இருக்கு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 'பொதுக் கட்டடம்'னா அரசு கட்டடம் மட்டும் இல்ல, மக்கள் கலை நிகழ்ச்சிக்கு வந்து போற தனியார் கட்டடமும் சேத்திதான். 2017ல விதிகள் வந்தப்புறம் அஞ்சு வருஷத்துக்குள்ள பழைய கட்டடத்தையும் மாத்தணும்னு சொன்னாங்க, அந்தக் கெடு 2022லயே முடிஞ்சு போச்சு. 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டும் இந்த விதிகள் வெறும் பரிந்துரையா இருந்தா போதாது, கட்டாயமா இருக்கணும்னு தெளிவாவே தீர்ப்பு குடுத்துச்சு.

எனக்கு உறுத்தறது என்னன்னா, நம்ம சங்கீத மேடைக்கு மாற்றுத்திறனாளிகள் புதுசே இல்ல. புல்லாங்குழல கச்சேரி வாத்தியமா தலைநிமிர வச்ச கும்பகோணம் சரப சாஸ்திரி பார்வை இல்லாதவர், நூறு வருஷத்துக்கு மேல முன்னாடி வாழ்ந்தவர். குழந்தையிலயே பார்வை போன வயலின் வித்வான் எம். சந்திரசேகரனுக்கு 2005ல சென்னை மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி விருது குடுத்துச்சு. இவ்ளோ பெரிய பரம்பரை இருந்தும், பார்வை இல்லாத ஒரு ரசிகர் தனியா சீட் புக் பண்ண முடியுதான்னு பாருங்க. சீட் மேப் வெறும் கலர் கட்டமா இருந்தா திரைல இருக்கறத வாய்விட்டுப் படிக்கற ஸ்க்ரீன் ரீடர் என்னத்தப் படிக்கும்? சம்மணம் போட்டு உக்கார முடியாத ஒரு பாடகி வந்தா மேடை எப்படி அமைப்போம், பக்கவாத்தியத்த எந்த உயரத்துல வைப்போம், மேடைக்குப் பின்னாடி இருக்கற படிய என்ன பண்ணுவோம், இதெல்லாம் யாராவது யோசிச்சிருக்காங்களான்னே தெரியல.

நாட்டியத்தப் பத்தி தனியா சொல்லணும். காது கேக்காதவங்களுக்கு பரதநாட்டியத்த விட நெருக்கமான கலை எது இருக்கு, முகமும் கையும்தானே அங்க பேசுது. பக்கத்துல ஒரு திரையில பாட்டு வரியும் அர்த்தமும் ஓட்டினா போதும், பதம், அதாவது அபிநயம் பிடிக்கற பாட்டு, முழுசும் அவங்களுக்குப் புரிஞ்சிடும். நடுவுல நிகழ்ச்சிய அறிமுகம் பண்ணிப் பேசறப்ப ஒரு சைகை மொழிபெயர்ப்பாளர் வெளிச்சத்துல நிக்கணும், இருட்டு மூலைல நிறுத்தினா யாருக்கும் கை தெரியாது. பார்வை இல்லாதவங்களுக்கு மேடைல என்ன நடக்குதுன்னு இயர்போன்ல சொல்ற ஆடியோ விவரிப்பு இருக்கு. நம்ம ஊருக்குத் தெரியாத விஷயமும் இல்ல, மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்பான எபிலிட்டி ஃபவுண்டேஷன் சென்னைல 2005ல ஆரம்பிச்ச எபிலிட்டிஃபெஸ்ட் திரைப்பட விழாவுல படங்களுக்கு இத செஞ்சு காட்டிட்டாங்க.

அடுத்தது ஆட்டிசம் உள்ள குழந்தைங்க. வெளிநாட்டு விழாக்கள்ல 'ரிலாக்ஸ்டு' ஷோனு தனியா வைக்கறாங்க, விளக்க முழுசா அணைக்க மாட்டாங்க, எழுந்து போகலாம் வரலாம், சத்தம் போட்டா யாரும் முறைக்க மாட்டாங்க. யோசிச்சுப் பாத்தா நம்ம கச்சேரி பாதி அப்படித்தான், தாள வாத்தியம் மட்டும் வாசிக்கற தனி ஆவர்த்தனத்துல எழுந்து காபி குடிக்கப் போறவங்கள நாம ஒண்ணும் சொல்றதில்லயே. ஆனா ஒரு பையன் சந்தோஷத்துல உடம்ப ஆட்டி சத்தமா தாளம் போட்டா நாலு வரிசை திரும்பிப் பாக்குது, அந்த அம்மா வெக்கப்பட்டு அவனக் கூட்டிட்டு வெளிய போயிடறாங்க. மதியக் கச்சேரி நிறைய எடத்துல இலவசம், கூட்டமும் கம்மி, அதுல ஒண்ண இப்படி அறிவிச்சு, மைக் சத்தத்தையும் கொஞ்சம் குறைச்சு வச்சா செலவே கிடையாது. சத்தம் குறைஞ்சா மத்த ரசிகர்களும் கும்பிடுவாங்க.

அப்புறம் சபா ஹால்ல சுத்திப் பாருங்க, பாதிப்பேர் அறுபத தாண்டினவங்க, முட்டி வலி, கைத்தடி, ஹியரிங் எய்ட். கைப்பிடியும் உக்கார்ற டாய்லெட்டும் அவங்களுக்கும்தான் வேணும். ஆனா அவங்கள சாக்கா வச்சுதான் இத கேக்கணும்ங்கற அவசியமும் இல்ல, அக்கா ஒருத்தருக்காக செஞ்சாலும் அது சரிதான்.

கட்டடத்த இடிச்சுக் கட்டறது அப்புறம் இருக்கட்டும், இந்த வருஷ சீசன் புத்தகத்துல ஒரு பக்கம் ஒதுக்குங்க. வாசல்ல எத்தனை படி, சாய்தளம் உண்டா, வீல்சேர் நிறுத்த எந்த வரிசை, கூட வர்றவருக்கு சீட் உண்டா, டாய்லெட் கதவு எவ்ளோ அகலம், யாருக்கு போன் பண்ணணும். இல்லன்னா இல்லன்னே போடுங்க, டாக்ஸிக்கு காசு செலவழிச்சு வந்து வாசலோட திரும்பறதாவது மிச்சம்.

இத படிக்கறவங்க கச்சேரிக்குப் போறப்ப ஒரு டேப் எடுத்துட்டுப் போய் இந்த விவரத்த எல்லாம் அளந்து எனக்கு அனுப்புங்க, ஹால் பேரோட. சபா வாரியா லிஸ்ட் போட்டு செயலாளர்கள் கைலயே நேர்ல குடுக்கறதா நானும் அக்காவும் முடிவு பண்ணிருக்கோம்.