என் தொட்டியில் இருப்பது என்ன நண்டு?

மண்டபம் வடக்குக் கடற்கரையில் காலையில் நண்டு வலை பிரிக்கும் நேரத்தில் போய் நின்றால், விலைக்கு ஆகாத குஞ்சு நண்டுகளை மணலில் உதறிப் போட்டிருப்பார்கள். போன மாசியில் அப்படிக் கிடந்ததில் கட்டைவிரல் நகம் அளவே இருந்த மூன்றைக் கடல் தண்ணீரோடு வாளியில் தூக்கி வந்து, வீட்டில் இருக்கும் மூன்றடி உப்புத்தண்ணீர்த் தொட்டியில் விட்டேன். "ஓலைக்கால் நண்டுக் குஞ்சுதான் தம்பி" என்றார் வலை பிரித்துக்கொண்டிருந்த அண்ணன். மூன்றும் ஒரே பழுப்பு நிறம், மூன்றுக்கும் கடைசிக் கால் துடுப்பு மாதிரித் தட்டை. நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

ஆனால் பழக்கம் வேறாக இருந்தது. இரண்டு நண்டுகள் மணலில் புதைந்து கண்ணை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடக்கும். மூன்றாவது மணல் பக்கமே போகாது, நான் போட்டிருந்த உடைந்த மண்சட்டிக்கு அடியில் பகல் முழுக்க ஒடுங்கி இருந்து ராத்திரி விளக்கை அணைத்த பிறகுதான் வெளியே வரும். (சட்டிதான் போட்டேன், பவளக் கல் இல்லை. 2001 முதல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, கரையில் ஒதுங்கிக் கிடந்தாலும் தொட்டிக்கு எடுக்காதீர்கள்.)

ஒரு நாள் காலையில் அந்தச் சட்டிக்காரன் காலை விரித்து அசையாமல் கிடந்தான். செத்துவிட்டது என்றே நினைத்தேன், மனசு கஷ்டமாகப் போனது. வலைக்கரண்டியில் எடுத்தால் காகிதம் மாதிரி கனமே இல்லை, பின்பக்கம் பிளந்து திறந்திருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை, கண்ணின் மேல்தோல்கூட அப்படியே இருக்கிறது. ஓடு கழற்றியிருக்கிறது! நிஜ நண்டு சட்டிக்குள் மெத்தென்று ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் மற்ற நண்டு கண்ணில் பட்டால் தின்றுவிடும் என்பதால் உடனே நடுவில் வலைத் தடுப்பு வைத்தேன்.

கழற்றிப் போட்ட ஓடு கையில் கிடைத்தால் அதைவிட நல்ல வாய்ப்பு இல்லை, உயிரோடு இருப்பதைப் பிடித்து வதைக்க வேண்டாம். நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தி, செல்போன் டார்ச் வெளிச்சத்தில் ஒரு பக்க விளிம்பில் இருக்கும் முட்பற்களை எண்ணினேன், கண்குழியை ஒட்டிய முதல் பல்லையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். ஆறு! ஓலைக்கால் நண்டுக்கு ஒன்பது இருக்கும், கடைசிப் பல் ஊசி மாதிரிப் பக்கவாட்டில் நீண்டிருக்கும். ஆறு பல் என்றால் அது சிலுவை நண்டு வகையறா, காரிப்டிஸ் பேரினம். ஒன்பது பல்லும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தால் களி நண்டு.

அப்புறம் ஆவணியில் இன்னொரு குழப்பம். மணலில் புதையும் இரண்டில் ஒன்றுக்குக் கால் கொடுக்கெல்லாம் நீலம் ஏறியது, மற்றது மங்கிய பச்சைப் பழுப்பாகவே இருந்தது. இதுவும் வேறு இனமோ என்று பல்லைப் பார்த்தால் இரண்டுக்கும் ஒன்பது. புரட்டிப் பார்த்தேன், நீலத்துக்கு வயிற்று மடல் குறுகல், மற்றதுக்கு அகலம். ஆணும் பெண்ணும், அவ்வளவுதான். ஒரே நிறத்தில் இருந்தவை வேறு இனம், வேறு நிறத்துக்கு மாறியவை ஒரே இனம்.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். துடுப்புக் கால் இல்லாமல், வழவழப்பான நீள்வட்ட ஓடு, சிவப்பில் வெளிர்ப் புள்ளிகள், கொடுக்கு நுனி கறுப்பு, இப்படி ஒரு நண்டும் வலையில் வரும். அட்டெர்காட்டிஸ் என்ற பேரினம், அதன் சதையில் நரம்பைத் தாக்கும் நஞ்சு இருக்கும், வேகவைத்தாலும் போகாது. தொட்டியில் செத்தாலும் பூனைக்கோ கோழிக்கோ போடாமல் ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.

ஆறு பல்காரனுக்கு இப்போது தனித் தொட்டி, அடியில் மணல் கொஞ்சம்தான், சட்டித் துண்டுகள் நிறைய. உங்கள் நண்டைப் படம் எடுத்து அனுப்புவதாக இருந்தால் மேலிருந்து ஒன்று, கடைசிக் கால் தெரிய ஒன்று, வயிற்றுப் பக்கம் ஒன்று எடுங்கள், விளிம்புப் பல் தெளிவாகத் தெரியட்டும்.